யாழினியும் தர்ஷினியும்

கல்யாண மேடையில் வாழ்த்த வரும் தலைவர் யாராக இருந்தாலும், மைக்கை விட்டு நகர்வதற்கு முன் ஒரு வேண்டுகோளை வைக்காமல் போவதில்லை: பிறக்கப்போகும் பிள்ளைக்கு நல்ல தமிழ்ப் பெயர் வையுங்கள். வேண்டுகோளில் குறையில்லை. அதன் பின்னால் நிற்கும் குற்றச்சாட்டோடுதான் எனக்குத் தகராறு. அந்தக் காலத்தில் தமிழர் எல்லாரும் தமிழ்ப் பெயரோடு வாழ்ந்தார்களாம். சினிமாவும் டிவியும் ஆங்கிலப் பள்ளியும் வடக்கு மோகமும் வந்து கெடுத்துவிட்டனவாம். இன்றைய இளம் பெற்றோர் தாய்மொழியைப் பற்றிய கூச்சத்தால்தான் ஷ, ஹ, ஸ என்று தேடித் தேடிப் பெயர் வைக்கிறார்களாம். தலையங்கங்களிலும் பட்டிமன்றங்களிலும் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களிலும் இது கேள்வி கேட்கப்படாத உண்மையாகவே உலவுகிறது. பெயர்கள் மாறியிருக்கின்றன என்பது மெய். மற்றபடி, மாறியதற்குச் சொல்லும் காரணமும், எதிலிருந்து மாறின என்று சொல்லும் வரலாறும், சொல்லும் பரிகாரமும் தப்பு என்பதே என் கட்சி.

முதலில் அந்த ‘அந்தக் காலம்’. எந்தக் காலம்? சங்க காலம் என்றால், பட்டினப்பாலை பாடியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். புறநானூற்றில் மார்க்கண்டேயனார் இருக்கிறார், வான்மீகியார் இருக்கிறார், வடம வண்ணக்கன் தாமோதரனார் இருக்கிறார். பரிபாடலில் கேசவனார் பாடியிருக்கிறார். தமிழின் மிகப் பழைய இலக்கியத்தை நமக்குத் தந்தவர்களிலேயே வடமொழிப் பெயருள்ளோர் கலந்துதான் நின்றார்கள். அதனால் அவர்கள் பாட்டு ஒன்றும் கெட்டுப்போகவில்லை. பல்லவரிடம் போனால் மகேந்திரவர்மன், நரசிம்மவர்மன். சோழரிடம் வந்தால், அருள்மொழி என்று அருமையான இயற்பெயர் கொண்டவர் ராஜராஜன் என்ற பட்டப்பெயராலேயே உலகுக்கு அறிமுகமானார். சரி, நம் தாத்தா பாட்டி காலம் என்பார்கள். லட்சுமி, சரஸ்வதி, கோவிந்தன், கிருஷ்ணன், சுப்பிரமணியன், ஜானகி, ராஜேஸ்வரி: இதில் எது தமிழ்? முனுசாமி என்றால் மண் மணக்கிறது என்று தோன்றும். அதில் முனியும் வடசொல், சாமியும் வடசொல். வடமொழி ஆதிக்கத்தை வாழ்நாள் முழுக்க எதிர்த்த பெரியார் கடைசிவரை ராமசாமியாகவேதான் இருந்தார். பழகிய வடமொழி நம் காதுக்குத் தமிழாகிவிடுகிறது. பழகாத வடமொழி அந்நியமாக ஒலிக்கிறது. ‘கிருஷ்ணவேணி’யைச் சகித்துக்கொண்டு ‘கிருத்திகா’வைக் கண்டிக்கிறவர், தன் வயதைத்தான் நமக்குச் சொல்கிறார்.

பெயர் எப்படி நகர்ந்தது என்று பார்க்க நம்மிடம் இருக்கும் நல்ல ஆவணம் வாக்காளர் பட்டியல். ஒவ்வொரு சிறு கட்டத்திலும் வாக்காளர் பெயர், அதன் கீழ் தந்தை அல்லது கணவர் பெயர், வீட்டு எண், வயது. தமிழ்நாட்டின் எந்த ஊர்ப் பட்டியலை எடுத்தாலும், ஒரே வீட்டு எண்ணுள்ள கட்டங்களை வரிசையாகப் படித்தால் மூன்று தலைமுறை வந்து நிற்கும். எழுபதைத் தாண்டிய முனுசாமி. ஐம்பதைத் தாண்டிய ரமேஷ், தந்தை பெயர் முனுசாமி. இருபதுகளில் ஹரிஷ், தந்தை பெயர் ரமேஷ். பெண்கள் பக்கம் கன்னியம்மாள், சுமதி, திவ்யா என்று போகும். கவனிக்க வேண்டிய இடம் நடுவில் இருக்கிறது. ரமேஷ், சுரேஷ், கணேஷ், சுமதி, கீதா என்ற அலை அடித்தது 1960களிலும் 70களிலும். 1965இல் இந்தி எதிர்ப்புப் போராட்டம், 1967இல் திமுக ஆட்சி, 1969இல் தமிழ்நாடு என்ற பெயர் மாற்றம் எல்லாம் நடந்த காலம் அது. தமிழுணர்வு உச்சத்தில் இருந்தபோதே தொட்டிலில் ‘ஷ்’ ஏறிவிட்டது. டிவி அன்று வீடுகளில் கிடையாது. ஆங்கிலப் பள்ளி தெருவுக்குத் தெரு வரவில்லை. குற்றம் சாட்டப்பட்டவர்கள் சம்பவ இடத்திலேயே இல்லை.

உடனே சொல்வார்கள்: தனித்தமிழ் இயக்கமும் திராவிட இயக்கமும் பெயர்களை மாற்றிக் காட்டினவே? காட்டின. வேதாசலம் மறைமலை அடிகளானார், சூரியநாராயண சாஸ்திரி பரிதிமாற் கலைஞரானார். நாராயணசாமி நெடுஞ்செழியனாகவும், ராமையா அன்பழகனாகவும் ஆனார்கள். ஆனால் இவை யாவும் வளர்ந்தவர்கள் தமக்குத் தாமே சூட்டிக்கொண்ட பெயர்கள். ஒரு கொள்கையின் கொடியேற்றம். குழந்தைக்குப் பெயர் வைப்பது வேறு காரியம். இயக்கத்தின் வீடுகளிலேயே அது பல திசையில் போயிருக்கிறது: சோவியத் பயணம் முடித்து வந்த பெரியார் குழந்தைகளுக்கு ரஷ்யா, மாஸ்கோ என்றெல்லாம் பெயர் வைத்தார், 1953 மார்ச்சில் கருணாநிதி வீட்டில் பிறந்த பிள்ளைக்கு ஸ்டாலின் என்று பெயர். மறைமலை அடிகள் வீட்டுக் கதை இன்னும் ருசியானது. தம் பிள்ளைகளின் பெயர்களையும் அவர் தமிழாக்கினார். மாணிக்கவாசகம் மணிமொழியானார், திருஞானசம்பந்தம் அறிவுத்தொடர்பு ஆனார், திரிபுரசுந்தரி முந்நகரழகி ஆனார். மூன்றும் ஒரே வீடு, ஒரே கொள்கை, ஒரே அளவு தூய்மை. பிறகு என்ன ஆயிற்று? மணிமொழி ஊரெல்லாம் பரவியது. இன்றும் எத்தனையோ மணிமொழிகள் இருக்கிறார்கள். அறிவுத்தொடர்பும் முந்நகரழகியும் அந்த வீட்டு வாசலைத் தாண்டவில்லை. தமிழ்ப்பற்றுதான் பெயரைப் பரப்பும் என்றால் மூன்றும் பரவியிருக்க வேண்டும். பரவியது எது என்று தீர்ப்பளித்தது காது.

அப்படியானால் உண்மையில் மாறியது என்ன? பெயர், பரம்பரைச் சொத்தாக இருந்தது போய்த் தேர்வாகிவிட்டது. தாத்தாவின் பெயரைத் தாங்குபவன் என்பதால்தான் அவன் பெயரன். அதுவே பேரன் ஆயிற்று. முதல் பையனுக்கு அப்பாவைப் பெற்றவர் பெயர், அடுத்தவனுக்கு அம்மாவைப் பெற்றவர் பெயர், அதற்கடுத்து குலதெய்வம், நேர்த்திக்கடன். பெற்றோர் யோசிக்க அதில் இடமே இல்லை. மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்பதால், அவர் பெயர் தாங்கிய பிள்ளையையே ‘ராசா’, ‘தம்பி’, ‘அப்பு’ என்று கூப்பிட்டு ஒப்பேற்றினார்கள். அதாவது வைத்த பெயர் முன்னோருக்கு, கூப்பிடும் பெயர் பிள்ளைக்கு. சாவும் பெயர் வைத்தது: முதல் இரண்டும் தங்கவில்லை என்றால் மூன்றாவதைக் குப்பையில் புரட்டி எடுத்துக் குப்பன், குப்பம்மாள், தவிட்டுக்கு விற்று வாங்கித் தவிட்டான், பிச்சை கேட்டு வாங்கிப் பிச்சை. 1970களின் தொடக்கத்தில்கூடத் தமிழ்நாட்டில் ஆயிரம் குழந்தை பிறந்தால் நூறுக்கு மேல் முதல் பிறந்தநாளைக் காணவில்லை. 2020ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கில் அது 13. அதே கணக்கில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகள் 1.4. ஆறு பிள்ளை இருந்த வீட்டில் இரண்டு தாத்தா, இரண்டு பாட்டி, ஒரு சாமி என எல்லாருக்கும் பங்கு வைக்க முடிந்தது. ஒரே பிள்ளை இருக்கும் வீட்டில் எந்தத் தாத்தா பெயரை வைத்தாலும் இன்னொரு சம்பந்தி வீட்டில் மூஞ்சி தூக்குவார்கள். ஆகவே யாருக்கும் சொந்தமில்லாத பெயரைத் தேடுகிறார்கள். புதுப் பெயர் என்பது பாதி வேளை குடும்ப சமாதானம்.

சாதிப் பட்டம் போனதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பட்டத்தை விடச் சொன்னது; தமிழர் கணிசமாக விட்டார்கள். மற்ற மாநிலங்களில் குடும்பப் பெயர் சுமக்கும் அடையாளச் சுமையை இங்கே ஓர் எழுத்து இனிஷியலும் ஒற்றைப் பெயரும் சுமக்கின்றன. வகுப்பில் நாலு திவ்யா இருந்தால் பிரித்துச் சொல்ல ஒன்றுமில்லை. தனித்துத் தெரியும் பெயருக்கு இவ்வளவு ஏக்கம் வந்ததில் அதற்கும் ஒரு பங்கு உண்டு.

தேர்வு வந்தால் மோஸ்தர் வரும். உலகில் விதிவிலக்கில்லை. வருடவாரியாகக் கணக்கு வெளியிடும் நாடு அமெரிக்கா. 1880 முதல் பிறந்தவர்களின் பெயர்ப் பட்டியல் அங்கே சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்திடம் இருக்கிறது. 1947இல் அங்கே பிறந்த பெண் குழந்தைகளில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் லிண்டா. அண்மை ஆண்டுகளில் முதலிடம் பிடித்த ஒலிவியா நூற்றுக்கு ஒன்றுகூடச் சரியாகத் தேறாது. அங்கே எந்த வடமொழியும் படையெடுக்கவில்லை. எல்லாரும் வைக்கும் பெயரை வைக்கக் கூடாது என்ற ஆசை மட்டும் பெருகியது. சினிமாதான் பெயர் வைக்கிறது என்பவர்களும் இந்தப் பட்டியலைப் பார்க்கலாம். ‘லவ் ஸ்டோரி’ படத்தால்தான் அமெரிக்கா முழுக்க ஜெனிஃபர் ஆயிற்று என்று சொல்லித் திரிந்தார்கள். படம் வெளியானது 1970 டிசம்பர் நடுவில். அந்த 1970ஆம் ஆண்டின் பட்டியலிலேயே ஜெனிஃபர் முதலிடம். அதற்கும் பல ஆண்டு முன்பிருந்தே மேலேறிக்கொண்டிருந்த பெயர். பெயர் மோஸ்தரை ஆராய்ந்து ‘எ மேட்டர் ஆஃப் டேஸ்ட்’ என்ற நூல் எழுதிய சமூகவியலாளர் ஸ்டான்லி லீபர்சன் வலியுறுத்தியதும் ஏறத்தாழ இதுதான்: வெளிச் சம்பவங்களைவிட, ஒரு பெயரின் ஒலி அடுத்த பெயரை இழுத்து வரும் உள் இயக்கமே பலமானது. நாயகிக்குப் பெயர் வைக்கும் இயக்குநரும் ஊரார் மூச்சு விடும் அதே காற்றில்தான் மூச்சு விடுகிறார். காற்று அடிக்கும் திசையைக் கொடி காட்டுகிறது. கொடியா காற்றை அடிக்கிறது?

அரசு தலையிட்டால் நிற்காதா என்று கேட்கலாம். பிரான்ஸில் 1803 முதல் சட்டமே இருந்தது: புனிதர் நாட்காட்டியிலும் பழைய வரலாற்றிலும் உள்ள பெயரைத் தவிர வேறு வைக்கக் கூடாது. அந்தச் சட்டம் 1993 ஜனவரியில்தான் போனது. அதற்கு முன்பே, 1991இல், பிரெஞ்சு ஆண் குழந்தைகளின் பெயர்களில் முதலிடம் பிடித்தது கெவின். அயர்லாந்துப் புனிதர் ஒருவர் அந்தப் பெயரில் இருந்தார். சட்டத்துக்கு அது போதும், மோஸ்தருக்கும் அது போதும்.

இப்போது நம் தொட்டிலுக்கு வருவோம். தமிழ்ப்பற்றுள்ள பெற்றோர் இன்று வைக்கும் பெயர்களைக் கவனியுங்கள்: யாழினி, இனியா, நிலா, ஆதிரா, தமிழினி, மகிழ், கவின். மற்றவர்கள் வைப்பவை: தர்ஷினி, தியா, லயா, மித்ரா, ஹரிணி, அகில், அஸ்வின். இரண்டு வரிசையையும் பக்கத்தில் வைத்து வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். இரண்டோ மூன்றோ அசை, மென்மையான முடிவு, பெண்ணுக்கு ‘னி’ அல்லது ‘ஆ’, பையனுக்கு வாய் சட்டென மூடும் ஒற்று. யாழினியும் தர்ஷினியும் அக்காள் தங்கைகள். தமிழ்ப் பட்டியலிலிருந்து எடுத்தவரும் சமஸ்கிருதப் பட்டியலிலிருந்து எடுத்தவரும் ஒரே அச்சில் வார்த்திருக்கிறார்கள். தூய தமிழ்ப் பெயர்தான் லட்சியம் என்றால் பொன்னுத்தாய் ஏன் வரவில்லை? மூக்காயி, செல்லாயி, வெள்ளையன் எல்லாம் கலப்பில்லாத தமிழ்தானே? கண்டிப்பவர்களின் வீட்டிலும் அவை வருவதில்லை. அவர்கள் மேல் எனக்குக் குறையில்லை. ஊராரைத் திட்டும்போது மட்டும், தாங்களும் அதே கடையில் அதே துணியைத்தான் வேறு நிறத்தில் வாங்கினோம் என்பதை நினைவில் வைத்தால் நல்லது.

ஹ எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கும் வெட்கத்தைவிட நேரடியான பதில் ஒன்று பஞ்சாங்கத்தின் பின்பக்கத்தில் அச்சாகியிருக்கிறது. இருபத்தேழு நட்சத்திரம், ஒவ்வொன்றுக்கும் நான்கு பாதம், பாதத்துக்கு ஓர் எழுத்து. பூசத்துக்கு ஹு, ஹே, ஹோ, டா. ஆயில்யத்துக்கு டி, டு, டே, டோ. புனர்பூசத்தில் பாதி ஹா, ஹி. தமிழில் ட மொழிக்கு முதலில் வராது. ஹ தமிழெழுத்தே இல்லை. அப்படியும் ஆயில்யத்தில் பிள்ளை பெற்ற வீட்டில் ‘டி’யில் ஆரம்பிக்கும் பெயரைத் தேடி ராத்திரி பூராவும் செல்போனைத் தள்ளிக்கொண்டிருக்கிறார்கள். முன்பு ஜாதகத்தோடு நின்றுபோகும் ஜென்ம நாமத்துக்கு இந்த எழுத்தைப் பயன்படுத்தி, கூப்பிடத் தாத்தா பெயரை வைத்துக்கொண்டார்கள். தாத்தா பெயர் விலகியதும் ஜோசியர் எழுத்து கூப்பிடும் பெயருக்குள் புகுந்துவிட்டது. அத்தனை எழுத்துக்கும் பெயர் வைத்திருக்கும் இணையதளங்கள், அர்த்தமும் தாங்களே எழுதிக்கொள்கின்றன; ‘சூரியன்’, ‘கடவுளின் பரிசு’ என்று எது கேட்டாலும் கொடுக்கும். இந்த வியாபாரத்தைக் கண்டிக்கச் சொன்னால் நானும் கூடவே வருவேன்.

கனமான மறுப்பு இனிமேல்தான். மொழிக்கு வெட்கப்படாவிட்டாலும், மேல்சாதியின் பெயரைப் பார்த்து மயங்கியதுதானே இது என்பார்கள். ஓரளவு ஆம். ஆனால் அந்த மயக்கத்தை அதன் மறுபக்கத்திலிருந்து பாருங்கள். சூத்திரனின் பெயர் இழிவைக் குறிக்க வேண்டும் என்று மனுஸ்மிருதி இரண்டாம் அத்தியாயத்திலேயே விதித்திருக்கிறது. பெயரைக் கேட்டதும் தெருவைச் சொல்லிவிடக்கூடிய ஊர்களில், ரமேஷ் என்பது எந்தத் தெரு என்று தெரியாத பெயர். பள்ளியில் வருகை எடுக்கும்போது சிரிப்பு வராத பெயர். வேலைக்கு மனுப் போட்டால் தனித்துத் தெரியாத பெயர். கருப்பனின் மகன் ரமேஷ் ஆனதில் தமிழ் தோற்றது என்று கணக்கெழுதுகிறவர்கள், வேலி போட்டு வைத்திருந்த பெயர்க்கிடங்கின் பூட்டு உடைந்ததையும் அதே பக்கத்தில் எழுத வேண்டும். போதும்பொண்ணு என்று ஒரு பெயர் உண்டு. பெண்பிள்ளை வரிசையாகப் பிறந்த வீடுகளில் வைத்தது. அப்பழுக்கற்ற தமிழ். அந்தப் பெயரைச் சுமந்து வளர்ந்த ஒருத்தி தன் மகளுக்குத் தர்ஷினி என்று வைத்தால், அவளிடம் போய் மொழித் துரோகம் பேச எனக்கு நாக்கு வராது.

பெயர் போனால் மொழி போகும் என்பது இன்னொரு மறுப்பு. யாழ்ப்பாணத்தையும் வன்னியையும் பார்த்தவர்கள் இதைச் சொல்ல முடியாது. 1980களில் அங்கே பிறந்தவர்களிடம் நிரோஷன், தர்ஷன், கஜன், துஷ்யந்தன் தாராளம். தமிழுக்காகவே எல்லாவற்றையும் இழந்த தலைமுறை அது. விடுதலைப் புலிகள் தலைவர் பிரபாகரனின் மகள் பெயர் துவாரகா, இளைய மகன் பாலச்சந்திரன். இந்தப் பெயர்களை வைத்து அந்தச் சமூகத்தின் மொழிப்பற்றை அளந்தால் அளவுகோலைத்தான் தூக்கி எறிய வேண்டும்.

எழுத்துப் பற்றிய குறையில் மட்டும் நியாயம் இருக்கிறது. ருத்ரனை உருத்திரன் என்றும், லட்சுமணனை இலக்குவன் என்றும் ஆக்கிக்கொண்ட மரபு நம்முடையது. கம்பன் விபீஷணனையே வீடணன் ஆக்கினான். இன்று பெயரை முதலில் ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்து, தமிழில் எழுதச் சொன்னால் திகைக்கும் நிலை இருக்கிறது. இது எழுதும் பழக்கத்தின் சீக்கு. வைத்த பெயரின் மேல் பழி போட்டு ஆவதில்லை. நாக்கு தன் வேலையை இன்னும் விடவில்லை. லட்சுமியை லெச்சுமியாக்கிய அதே நாக்குத்தான் தர்ஷினியைத் தச்சினி ஆக்கிக்கொண்டிருக்கிறது, பாட்டிமார் இருக்கும் வீடுகளில்.

அழிந்தது ஒன்று உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். அது தமிழ்ப் பெயர் என்று மேடையில் சொல்வார்களே, அதுவல்ல, ஊர்ப் பெயர். இசக்கி, சுடலைமுத்து, பேச்சியம்மாள் என்றால் திருநெல்வேலி, தென்குமரிப் பக்கம். முனியாண்டி, கருப்பசாமி என்றால் மதுரைச் சீமை. கிறிஸ்தவர் வீடுகளில் ஜோசப்பைச் சூசையாகவும், இக்னேஷியஸை இன்னாசியாகவும், பீட்டரை ராயப்பனாகவும், ஜானை அருளப்பனாகவும் மாற்றிக்கொண்ட ஓர் அழகு இருந்தது. நாகூர் ஆண்டவர் பெயரைச் சுமந்து ஷாகுல் ஹமீது, நாகூர் மீரா என்று இந்து வீடுகளையும் எட்டிப் பார்த்த பெயர்கள் இருந்தன. இவை யாவும் ஒரே வேகத்தில் மறைகின்றன. இவற்றுக்காக யாரும் மாநாடு போடவில்லை. நிலாவும் யாழினியும் பெருகினாலும் இசக்கி திரும்ப மாட்டாள். ஏனென்றால் நிலாவுக்கும் ஊர் கிடையாது, தர்ஷினிக்கும் ஊர் கிடையாது.

அப்படியானால் தமிழ்ப் பெயர் வையுங்கள் என்று கேட்பதே வீணா? வீணில்லை. கண்டிக்காமல், பெயர்களைக் கொண்டுவந்து காட்டுகிறவர்கள் ஜெயித்திருக்கிறார்கள். கயல், நறுமுகை, அகரன், ஆதிரை என்று முப்பது ஆண்டுக்கு முன் அதிகம் கேட்டிராத பெயர்கள் இன்று மழலையர் பள்ளி வருகைப் பதிவேட்டில் இருக்கின்றன. கீழடிப் பானை ஓட்டில் கீறியிருந்த ஆதன், அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு வந்த பெற்றோருக்கு இரண்டே அசையில் கச்சிதமான பெயராகத் தோன்றினால் அதில் வியப்பில்லை. 2006இல் தமிழில் தலைப்பு வைத்த படத்துக்குக் கேளிக்கை வரி விலக்குக் கொடுத்தார்கள். தயாரிப்பாளர்கள் பணத்துக்காக மாற்றினார்கள், வரி முறை மாறியதும் பழையபடி ஆனார்கள். தொட்டிலுக்கு அப்படி வரி விலக்குக் கொடுக்க முடியாது. காதுக்குப் பிடித்தால் வரும். பிடித்ததெல்லாம் ஒருநாள் சலித்தும் போகும். யாழினிக்கும் அந்த நாள் வரும். அவள் மகள் காலத்தில் யாழினி என்பது அம்மாக்களின் பெயர் ஆகிவிடும், இன்று சுமதி ஆகியிருப்பதுபோல.

இவ்வளவு பேசியும் நானும் எதிர்க்கட்சியும் ஒரு விஷயத்தில் சமம்: எத்தனை யாழினி, எத்தனை தர்ஷினி என்று இருவரும் அனுமானமாகத்தான் பேசுகிறோம். தமிழ்நாட்டில் பிறக்கும் குழந்தைகள் ஏறத்தாழ எல்லாருமே பதிவாகிறார்கள். பிறந்து ஓராண்டுக்குள் கட்டணமில்லாமல் பெயரைச் சேர்க்கலாம். அதன் பின் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். ஆகப் பெயர்கள் எல்லாம் அரசாங்கக் கணினியில் இருக்கின்றன. அமெரிக்காவில் ஒவ்வொரு மே மாதமும் முந்தைய ஆண்டின் பட்டியலை வெளியிடுகிறார்கள். தனிமனிதரை அடையாளம் காட்டாதிருக்க, ஐந்துக்கும் குறைவான குழந்தைகளுக்கு வைத்த பெயர்களை விட்டுவிடுகிறார்கள். கல்யாண மேடைகளில் வேண்டுகோள் வைப்பவர்கள் பலர் கோட்டையில் கோப்பில் கையெழுத்துப் போடும் இடத்திலும் இருக்கிறார்கள். மாவட்டவாரியாக, ஆண்டுவாரியாக அந்தப் பட்டியலை வெளியிடச் சொல்லி ஒரே ஒரு கையெழுத்துப் போடுங்கள். மிச்ச வழக்கை அதை வைத்துக்கொண்டு பேசலாம்.